சிற்றலைக்குக் கம்பி ஆன்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி, முதல் ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி) மேசையில் வைத்தவுடன் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஆன்டெனாதான். கம்பி எவ்வளவு நீளம், எங்கே கட்டுவது, மீட்டர் ஏன் இப்படிக் காட்டுகிறது என்று வருஷக் கணக்காக என்னிடம் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. முதல் முதலாக ஒரே ஒரு ஆன்டெனா கட்டப் போகிறேன். எதைக் கட்டலாம்?

40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்) அரை அலை டைபோல். இரண்டு சம நீளக் கம்பிகள், நடுவில் கேபிள், இரு முனையிலும் இன்சுலேட்டரும் கயிறும். அவ்வளவுதான். பகலில் சில நூறு கிலோமீட்டர் வரை, இரவில் அதைத் தாண்டியும் பேச இந்த பேண்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். நடுவைக் கம்பத்தில் உயர்த்தி இரு முனைகளையும் கீழே சரித்துக் கட்டினால் அதுவே இன்வெர்ட்டட் வி. ஒரே ஒரு உயரமான இடம் போதும் என்பதால் பெரும்பாலோர் அதைத்தான் கட்டுகிறார்கள்.

இடம் குறைவு என்றால் 20 மீட்டர் பேண்டுக்குக் (14 மெகாஹெர்ட்ஸ்) கட்டுங்கள், நீளம் பாதியாகிவிடும். கடையில் வாங்கிய பல பேண்ட் ஆன்டெனாவில் தொடங்க வேண்டாம் என்பேன். டைபோல் எப்படி நடந்துகொள்கிறது என்று கையால் வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு மற்ற எல்லா ஆன்டெனாவும் பாதி புரிந்த மாதிரிதான்.

2. நீளத்தை எப்படிக் கணக்குப் போடுவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

வெற்று வெளியில் அரை அலைநீளம் என்பது 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர். கம்பியின் முனைகளில் ஏற்படும் கூடுதல் கொள்திறனால் அது மின்ரீதியாகக் கொஞ்சம் நீளமாகத் தெரியும். அதனால் 150-க்குப் பதில் 143 போடுகிறோம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 143 ÷ 7.1 = 20.14 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 10.07. 14.2-க்கு மொத்தமும் 10.07.

எண்கள் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. பிவிசி உறையுள்ள கம்பி வெறும் கம்பியைவிட 2 முதல் 5 விழுக்காடு வரை குட்டையாக இருந்தால் போதும். தரைக்கு நெருக்கமாகவோ வி வடிவிலோ கட்டினாலும் நீளம் குறையும். ஆகவே கணக்கு என்பது முதல் வெட்டுக்கு மட்டும். மொத்தத்தில் அரை மீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குறைப்பது எளிது, கூட்டுவது தொல்லை.

3. வீட்டு வயரிங் கம்பியே போதுமா, தடிமன் கூட வேண்டுமா?

போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைத் தாமிரக் கம்பியில் கட்டிய எத்தனையோ டைபோல்கள் வேலை செய்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் பெரும்பாலும் தாமிரத்தின் மேற்பரப்பில் 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஓடிவிடுகிறது. உள்ளே எஃகும் வெளியே தாமிரப் பூச்சும் உள்ள கம்பி நன்றாக வேலை செய்வது இதனால்தான். தடிமன் கூடினால் அலைவரிசை அகலம் கொஞ்சம் கூடும், பளுவும் கூடும்.

பார்க்க வேண்டியது இழுவை வலிமையை. மென்மையான தாமிரம் தன் பளுவாலேயே நீளும். என் முதல் 40 மீட்டர் டைபோலை 7.1-இல் கச்சிதமாக வெட்டி வைத்தேன். காற்று பலமாக அடித்த ஒரு பருவம் முடிந்து அளந்தபோது ஒத்ததிர்வு (கம்பி இயல்பாக ஒத்திசையும் அதிர்வெண்) 7.02-க்கு இறங்கியிருந்தது. கம்பி கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுவிட்டிருந்தது. இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன் கம்பியை ஒரு தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து நன்றாக இழுத்துவிடுகிறேன்.

அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பது நல்லது. சால்டர் பிடிக்காது, தாமிரத்தோடு சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரித்துவிடும்.

4. எவ்வளவு உயரத்தில் கட்டினால் நல்லது?

முடிந்த அளவு உயரத்தில். கம்பியின் தரம், பாலன் (8-ஆம் கேள்வி), கேபிள் எல்லாவற்றையும்விட அதிக வித்தியாசம் தருவது உயரம்தான். தொலைதூரம் பேச அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும். அதற்கு டைபோல் அரை அலைநீள உயரத்திலாவது இருக்க வேண்டும். 20 மீட்டர் பேண்டுக்கு அது 10 மீட்டர் உயரம், பலருக்கும் எட்டக்கூடியது. 40 மீட்டர் பேண்டுக்கோ 20 மீட்டர் உயரம் வேண்டும். அது பலருக்கு முடியாத காரியம்.

அதற்காக மனம் தளர வேண்டாம். 40 மீட்டர் டைபோல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் பெரும்பாலான பவர் செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். அக்கம்பக்கத்து மாவட்டங்களோடும் மாநிலங்களோடும் பேச அதுதான் சரியான உயரம். 5 மீட்டருக்குக் கீழே வந்தால் பவரில் கணிசமான பங்கைத் தரை குடிக்கத் தொடங்கும்.

5. மின்கம்பி பக்கத்தில் போகிறது. கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பரவாயில்லையா?

"கொஞ்சம்" போதாது. ஆன்டெனாவோ கம்பமோ கயிறோ எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும், காற்றில் வீசப்பட்டாலும், மின்கம்பியைத் தொட முடியாத தூரம் வேண்டும். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்காக ஒருபோதும் இழுக்காதீர்கள். மரத்தின் மேல் கயிறு எறியும்போதும் இதே கவனம் வேண்டும். எறிந்த கயிறு மறுபக்கம் எங்கே விழும் என்று முதலில் போய்ப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் செய்தவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

6. எந்தத் திசையைப் பார்த்துக் கட்டணும்?

டைபோல் தன் அகலப் பக்கத்தில் அதிகமாகவும் முனைகளின் திசையில் குறைவாகவும் வீசும். ஆனால் இது அரை அலைநீளம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால்தான் தெளிவாகத் தெரியும். தாழ்வான 40 மீட்டர் டைபோல் ஏறக்குறைய எல்லாத் திசையிலும் பேசும். மரம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டுங்கள்.

7. என்னிடம் நேராக 20 மீட்டர் இடமே இல்லை சார். வளைத்துக் கட்டலாமா?

தாராளமாக. அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் முனைகளில் ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருக்கும். கதிர்வீச்சின் பெரும்பகுதியை நடுப்பகுதிதான் செய்கிறது. ஆகவே நடுப்பாதியை நேராகவும் உயரமாகவும் வைத்துக்கொண்டு, முனைகளைக் கீழே தொங்கவிடலாம், பக்கவாட்டில் திருப்பலாம். ஒரு பக்கத்தில் கடைசி இரண்டரை மீட்டரை மடித்துத் தொங்கவிட்டாலும் எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. இன்வெர்ட்டட் வி-யில் உச்சிக் கோணம் 90 பாகைக்குக் கீழே போகக் கூடாது. போனால் இரு கைகளின் கதிர்வீச்சும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். அடுத்து, முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் அவை இருக்க வேண்டும்; ஒலிபரப்பும்போது தொட்டால் தோல் சுடும்.

8. பாலன் இல்லாமல் கட்டியே பேசிக்கொண்டிருக்கிறேன். அவசியம் போடணுமா?

பேசலாம், ஆனால் போடுவது நல்லது. டைபோல் இரு பக்கமும் சமமானது. கோஆக்ஸ் கேபிள் அப்படியல்ல. கேபிளின் உள்கம்பி ஒரு கைக்கும் பின்னல் மறு கைக்கும் போகிறது. பின்னலுக்கு உள்புறம், வெளிப்புறம் என இரு முகங்கள் உண்டு. வெளிமுகம் மூன்றாவது கை போல நடந்துகொண்டு, மின்னோட்டத்தின் ஒரு பங்கைத் தன் வழியே வீட்டுக்குள் இழுத்து வரும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று படுவது, கணினியின் யுஎஸ்பி அறுந்துபோவது, வீட்டிலுள்ள எல்லா அடாப்டர்களின் இரைச்சலும் ரிசீவரில் ஏறுவது எல்லாம் அந்த மூன்றாவது கையின் வேலை.

1:1 கரன்ட் பாலன் என்பது அந்த வெளிமுக ஓட்டத்துக்கு மட்டும் போடும் தடை. எஃப்டி240-43 அல்லது 31 கலவை ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸை 10, 12 சுற்று சுற்றி, கேபிள் ஆன்டெனாவோடு சேரும் ஃபீட் பாயின்டில் வைத்தால் முடிந்தது. ஃபெரைட் கிடைக்காவிட்டால் கேபிளையே ஒரே அடுக்காகக் குழாயில் சுற்றிப் போடலாம். ஆனால் அது ஒன்றிரண்டு பேண்டுகளில்தான் நன்றாகத் தடுக்கும்.

9. ஆர்ஜி-58 கேபிள் போதுமா, ஆர்ஜி-213 வாங்கணுமா?

நீளத்தையும் பேண்டையும் பொறுத்தது. 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 0.8 டெசிபெல் தின்னும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே கேபிள் 30 மீட்டர் நீளத்தில் 28 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.5 டெசிபெல் தின்னும். நூறு வாட் அனுப்பினால் நாற்பதுக்கு மேல் கேபிளிலேயே சூடாகிப் போகும். அங்கே ஆர்ஜி-213 போடுங்கள். இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

எந்தக் கேபிளாக இருந்தாலும் மேல் முனையை நன்றாக அடைத்துவிடுங்கள். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன் மேல் சாதாரண பிவிசி டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

10. எஸ்டபிள்யூஆர் 1:1 வந்தால்தான் நல்ல ஆன்டெனா, சரிதானே?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான். எஸ்டபிள்யூஆர் சொல்வது ஒன்றே ஒன்று: கேபிளின் 50 ஓமுக்கும் ஆன்டெனாவின் மின்தடைக்கும் (இம்பீடன்ஸ்) எவ்வளவு பொருத்தம் என்பது. அனுப்பிய பவர் காற்றில் போனதா, வேறெங்காவது சூடாகிப் போனதா என்று அதற்குத் தெரியாது. ஆன்டெனாவுக்குப் பதில் இணைக்கும் 50 ஓம் சுமையான டம்மி லோடு 1:1 காட்டும். அதில் யாரோடும் பேச முடியாது.

1.5 என்றால் திரும்பும் பவர் 4 விழுக்காடு. 2 என்றால் 11. 3 என்றால் 25. அப்படித் திரும்புவதும் முழுக்க வீணாவதில்லை. ரிக் பக்கம் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால் அது மறுபடி மேலே போகும், ஒவ்வொரு பயணத்திலும் கேபிளில் கொஞ்சம் இழந்தபடி. இன்றைய ரிக்குகள் 2-ஐத் தாண்டினால் தம்மைக் காத்துக்கொள்ளப் பவரைக் குறைக்கும், அதனால்தான் 2-க்குள் வைத்துக்கொள்கிறோம். 1.5-ஐ 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதைவிட, கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்துங்கள்.

11. எப்படி வெட்டி டியூன் செய்வது? ஒவ்வொரு முறையும் அதிகமாக வெட்டிவிடுகிறேன்.

வெட்டாதீர்கள், மடியுங்கள். முனையில் இன்சுலேட்டர் வழியே கம்பியை நுழைத்து, மிச்சத்தை அதே கம்பியோடு சேர்த்து இறுக்கமாக முறுக்கிவிடுங்கள். மடிந்த பகுதி மின்ரீதியாக ஏறக்குறைய இல்லாத மாதிரிதான்; தப்பாகிவிட்டால் பிரித்து நீட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஆன்டெனாவை அது நிரந்தரமாக இருக்கப்போகும் உயரத்துக்கு ஏற்றுங்கள். இடுப்பு உயரத்தில் அளந்து மடித்தது மேலே போனதும் மாறிவிடும். பிறகு எஸ்டபிள்யூஆர் மிகக் குறைவாக இருக்கும் அதிர்வெண்ணைத் தேடுங்கள். அது விரும்பியதற்குக் கீழே இருந்தால் கம்பி நீளம், மேலே இருந்தால் குட்டை. எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம்: இப்போதுள்ள நீளத்தை இப்போதைய ஒத்ததிர்வு அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்தால் புதிய நீளம் வந்துவிடும்.

ஒரு உதாரணம். உறையுள்ள கம்பி 20.60 மீட்டர்; குறைந்த புள்ளி 6.88-இல் வந்தது, வேண்டியது 7.10. 20.60 × 6.88 ÷ 7.10 = 19.96. மொத்தம் 64 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 32 குறைக்க வேண்டும். நான் முதலில் 25 மடிப்பேன், ஏற்றி அளப்பேன், மீதியை அப்புறம் மடிப்பேன். இரு பக்கமும் சமமாக. மூன்றாவது ஏற்றத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

12. நானோவிஎன்ஏ வாங்கியிருக்கிறேன். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆன்டெனாவை அளக்கும் இந்தச் சிறு கருவியில் முதலில் அளவீட்டுத் திருத்தம்: திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை மூன்றையும், நீங்கள் அளக்கப்போகும் அதிர்வெண் வீச்சை அமைத்த பிறகு செய்யுங்கள். வீச்சை மாற்றினால் திரும்பச் செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஆன்டெனாவைக் குறைசொல்பவர்கள் நிறைய.

பிறகு எஸ்டபிள்யூஆர் வளைவின் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மின்தடையின் தனித்தனிப் பகுதிகளை (ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ்) ரிக் பக்கத்தில் நின்று பார்த்தால் கேபிள் அவற்றை மாற்றிக் காட்டும். அவை வேண்டுமென்றால் கேபிளின் மறுமுனையை வைத்துத் திருத்தம் செய்யுங்கள். பக்கத்தில் யாராவது பவரோடு ஒலிபரப்பும்போது கருவியை இணைக்காதீர்கள், கெட்டுவிடும்.

13. பள்ளம் சரியான இடத்தில்தான் வருகிறது. ஆனால் 1.8-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது.

கம்பியை இனி தொடாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. டைபோலின் மின்தடை எங்கும் 50 ஓம் அல்ல. வெற்று வெளியில் அது 73. தரைக்கு மேல் உயரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 90 ஓமைத் தாண்டும். 90-ஐ 50-ஆல் வகுத்தால் 1.8. நீங்கள் பார்ப்பது அதைத்தான். முனைகளைக் கொஞ்சம் தாழ்த்தி வி ஆக்கினால் 50-ஐ நோக்கி இறங்கும். அப்படியே விட்டாலும் ஒன்றும் கெடாது. காரணம் 10-ஆம் கேள்வியில்.

14. கேபிளை இரண்டு மீட்டர் நீட்டினேன், எஸ்டபிள்யூஆர் மாறிவிட்டது. கேபிள் நீளத்தையும் டியூன் செய்யணுமா?

வேண்டாம். நல்ல 50 ஓம் கேபிளில் எங்கே அளந்தாலும் எஸ்டபிள்யூஆர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும்; நீளம் கூடக்கூட இழப்பினால் சற்றுக் குறைந்து தெரியலாம், அவ்வளவுதான். வெகுவாக மாறுகிறது என்றால் கேபிளின் வெளிமுகமும் ஆன்டெனாவின் பகுதியாகிவிட்டது என்று பொருள். 8-ஆம் கேள்வியில் சொன்ன மூன்றாவது கை. மீட்டரைப் பார்த்தபடியே கேபிளைக் கையால் பிடித்து வருடிப் பாருங்கள். முள் அசைந்தால் சந்தேகமே இல்லை. பாலனைப் போட்ட பிறகு மறுபடி அளந்து, அப்புறம் கம்பியைத் திருத்துங்கள்.

15. ஆட்டோ டியூனர் இருக்கிறது. அப்போ எந்த நீளக் கம்பியும் ஓடும்தானே?

டியூனர் ஆன்டெனாவை டியூன் செய்வதில்லை. ரிக்குக்கு 50 ஓம் காட்டுகிறது, அவ்வளவே. கேபிளில் இருக்கும் பொருத்தமின்மை அப்படியேதான் இருக்கும். 80 மீட்டர் பேண்டுக்கான டைபோலை ரிக் பக்கத்து டியூனரை வைத்து 40 மீட்டர் பேண்டில் ஓட்டினால், அங்கே கம்பி முழு அலையாகி ஃபீட் பாயின்ட் பல ஆயிரம் ஓம் ஆகும். டியூனர் பொருத்திவிடும். ரிக் மகிழ்ச்சியாக முழுப் பவர் தரும். அதில் பெரும்பங்கு கோஆக்ஸில் தொலையும்.

வழி இரண்டு: டியூனரை ஃபீட் பாயின்டிலேயே கொண்டுபோய் வைப்பது, அல்லது கோஆக்ஸுக்குப் பதில் 450 ஓம் லேடர் லைன் (ஏணி போல இணையாகப் போகும் இரு கம்பிகள்) போடுவது. லேடர் லைனில் எஸ்டபிள்யூஆர் 10 இருந்தாலும் இழப்பு சொற்பம். ஆனால் அதைச் சுவரிலும் இரும்பிலும் ஒட்டாமல் தள்ளி இழுக்க வேண்டும்.

16. ஒரே கம்பியில் நாலைந்து பேண்ட் வேண்டும். எது நல்லது?

எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. ஒரே ஃபீட் பாயின்டில் பேண்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி கட்டும் விசிறி டைபோல் இழப்பில்லாதது, டியூனர் வேண்டாதது. ஆனால் கம்பிகள் ஒன்றையொன்று பாதிக்கும். நீளமானதை முதலில் டியூன் செய்து, குட்டையானதற்கு வந்து, திரும்ப முதலாவதைச் சரிபார்க்க வேண்டும். முனைகளை ஒன்றுக்கொன்று நன்றாக விலக்கிக் கட்டினால் தொல்லை குறையும்.

நடுவில் ஊட்டாமல் (கேபிளை இணைக்காமல்) மூன்றில் ஒரு பங்கில் ஊட்டும் டைபோல், 6.8 மீட்டரும் 13.6 மீட்டருமாக, 4:1 பாலனோடு 40, 20, 10 பேண்டுகளில் ஓடும். 15-இல் ஓடாது: அங்கே மூன்றில் ஒரு பங்குப் புள்ளி மின்னோட்டம் இல்லாத இடமாகிவிடும். இதைப் பலர் வின்டம் என்கிறார்கள். 1929-இல் லோரன் வின்டம் எழுதியது ஒற்றைக் கம்பியால் ஊட்டும் வேறொரு அமைப்பு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜி5ஆர்வி என்ற ஆன்டெனாவின் கதையும் இதே போலத்தான். லூயி வார்னி 1946-இல் 31.1 மீட்டர் கம்பியை 20 மீட்டர் பேண்டில் மூன்று அரை அலையாக வடிவமைத்தார். மற்ற பேண்டுகளில் அதற்கு டியூனர் வேண்டும். "டியூனர் வேண்டாத பல பேண்ட் ஆன்டெனா" என்று விற்கப்படுவதை நம்பி வாங்காதீர்கள்.

17. முனையில் ஊட்டும் ஆன்டெனாவுக்கு 49:1 போடுவதா 9:1 போடுவதா?

இரண்டும் வேறு வேறு ஆன்டெனா. அரை அலைக் கம்பியை முனையில் ஊட்டினால் மின்தடை 2,500 ஓம் அளவில் இருக்கும். 2 சுற்றுக்கு 14 சுற்று என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் விகிதம் 7. அதன் வர்க்கம் 49. 50 ஓம் 2,450 ஆகிறது. சுமார் 20 மீட்டர் கம்பி 40, 20, 15, 10 நான்கிலும் அரை அலையின் மடங்காக வருவதால் டியூனர் இல்லாமலே ஓடும். உயர் பேண்டுகளுக்கு 2 சுற்றுள்ள சுருளின் குறுக்கே 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று உதவும். நூறு வாட்டில் அந்த முனையில் ஏறக்குறைய 500 வோல்ட் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தொடர்ந்து ஒலிக்கும் டிஜிட்டல் முறைகளில் ஃபெரைட் சூடாகும். தொட முடியாத சூடு என்றால் பவரைக் குறையுங்கள்.

9:1 என்பது எந்த பேண்டிலும் அரை அலையாக அமையாத நீளக் கம்பிக்கு. மின்தடை சில நூறு ஓமில் எங்கோ இருக்கும், மீதியை டியூனர் பார்த்துக்கொள்ளும். 12.5 மீட்டர், 17.7 மீட்டர் போன்ற நீளங்களைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். 20 மீட்டர் நீளமுள்ள அரை அலைக் கம்பிக்கு 9:1 போட்டுவிட்டு ஓடவில்லை என்று சொன்னவர்கள் பலர்.

18. முனையில் ஊட்டினால் எதிர்க்கம்பியே தேவையில்லை என்கிறார்களே, அண்ணா?

மின்னோட்டம் ஒரு பக்கம் மட்டும் போக முடியாது. திரும்பும் வழி எதுவோ இருந்தே ஆக வேண்டும். 49:1 அமைப்பில் அந்த முனையில் மின்னோட்டம் சிறியது என்பதால் சிறிய எதிர்க்கம்பியே போதும்: 40 மீட்டர் பேண்டுக்கு சுமார் 2 மீட்டர். நீங்கள் போடாவிட்டால் கேபிளின் பின்னல் அந்த வேலையைச் செய்யும். அதனால்தான் "தேவையில்லை" என்று தோன்றுகிறது. 9:1 அமைப்பிலோ திரும்பும் மின்னோட்டம் பெரியது. நல்ல நீளமான கம்பிகள் தரையில் போட்டே ஆக வேண்டும்.

19. 40 மீட்டர் டைபோல் 15-இலும் ஓடும் என்றார்கள். எனக்கு எஸ்டபிள்யூஆர் 3 காட்டுகிறது.

7-இன் மூன்று மடங்கு 21 என்பது சரி. ஆனால் 2-ஆம் கேள்வியில் சொன்ன முனை விளைவு கம்பியின் இரு முனைகளில் மட்டும்தான் உண்டு. மூன்று அரை அலைகளுக்கும் அது மும்மடங்காவதில்லை. எனவே மூன்றாம் ஒத்ததிர்வு மூன்று மடங்கைவிட மேலே, பல நேரம் பேண்டின் உச்சமான 21.45-ஐயும் தாண்டி, போய்விழும்.

இதற்கு அழகான தீர்வு உண்டு. நடுவிலிருந்து இரு பக்கமும் 3.5 மீட்டர் தள்ளி, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சாண் நீளத் துண்டுக் கம்பியைத் தொங்கவிடுங்கள். 15-இல் அந்த இடம் மின்னழுத்த உச்சம், அதனால் சிறு துண்டும் ஒத்ததிர்வை நன்றாக இழுத்துக் கீழே கொண்டுவரும். 40-இல் அங்கே மின்னழுத்தம் குறைவு. அந்த பேண்ட் ஏறக்குறைய அசையாது. துண்டின் நீளத்தை மாற்றி மாற்றி 15-ஐத் தனியாகவே டியூன் செய்துவிடலாம்.

20. கால் அலை செங்குத்துக் கம்பிக்கு இன்னும் நிறைய ரேடியல் (தரையில் சுற்றிலும் விரிக்கும் கம்பி) போட்டேன். எஸ்டபிள்யூஆர் 1.1-இலிருந்து 1.4 ஆகிவிட்டது. கெடுத்துவிட்டேனா?

இல்லை, நன்றாக்கியிருக்கிறீர்கள். குறையில்லாத தரையின் மேல் கால் அலைக் கம்பியின் மின்தடை சுமார் 36 ஓம். முன்பு தரை இழப்பு 14 ஓம் போலச் சேர்ந்து 50 ஆக்கிக் காட்டியது. அந்த 14 ஓமில் போன பவர் முழுக்க மண்ணைச் சூடாக்கியது. ரேடியல் கூடியதும் இழப்பு குறைந்தது. 50-ஐ 36-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.4 வரும்.

21. எதையும் தொடவில்லை, ஆனால் எஸ்டபிள்யூஆர் மாதா மாதம் நன்றாகிக்கொண்டே வருகிறது. சந்தோஷப்படலாமா?

உடனே இறக்கிப் பாருங்கள். எனக்கு நடந்தது இது. பேண்டின் ஓரங்களில் 2 காட்டிக்கொண்டிருந்த டைபோல், ஒரு மழைக்காலம் முடிந்தபோது முழு பேண்டிலும் 1.2 காட்டியது. அதே வாரங்களில் வழக்கமாகப் பேசும் நண்பர்கள் என் சிக்னல் மங்கிவிட்டது என்றார்கள். கேபிளின் மேல் முனையை வெட்டியபோது தண்ணீர் சொட்டியது. பளபளவென்று இருக்க வேண்டிய பின்னல் ஒரு மீட்டருக்கும் மேல் கருகருவென்று கிடந்தது. பவர் மேலே போகும்போதும் திரும்பும்போதும் கேபிள் தின்றுவிட்டதால் மீட்டருக்குத் திரும்பி வந்தது குறைவு. அதைத்தான் அது நல்ல எண்ணாகக் காட்டியது. 3 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஒன்றுமே இணைக்காவிட்டாலும் மீட்டர் 3:1-தான் காட்டும்.

மழையன்று மட்டும் பள்ளம் சற்றுக் கீழே இறங்கி, வெயிலில் திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். உறையின் மேல் நீர் படிவதால் வருவது அது.

22. இரைச்சல் எஸ்-9 வரை இருக்கிறது. ஆன்டெனாவை மாற்றணுமா?

மாற்றுவதற்கு முன் ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடியுங்கள். விழாவிட்டால் ஆன்டெனாவை வீட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதும், ஃபீட் பாயின்டிலும் வீட்டு நுழைவிலும் ஒவ்வொரு பாலன் போடுவதும் உதவும்.

23. இடி மின்னல் வரும்போது கேபிளைக் கழற்றினால் போதுமா?

இடி கேட்டபின் கேபிளைத் தொடவே கூடாது. பயன்படுத்தாத நேரமெல்லாம் கழற்றி, வீட்டுக்கு வெளியே எர்த்தோடு இணைத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேபிளில் போடும் மின்னல் தடுப்பானான அரெஸ்டர் தூண்டுமின்னழுத்தத்தைத் தடுக்கும். நேரடி மின்னலை எந்த அரெஸ்டரும் முழுதாகத் தாங்காது.

24. புது ஆன்டெனா பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"நேற்று நன்றாகக் கேட்டது" என்பது அளவீடு ஆகாது. அயனி மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இரண்டையும் ஒரே நேரத்தில் கட்டி வைத்து, சுவிட்சால் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒலிபரப்புக்கு, 2008-இல் ஜோ டெய்லர் வெளியிட்ட டபிள்யூஎஸ்பிஆர் முறை மிகவும் பயன்படும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சொற்பப் பவரில் அனுப்பும். உலகெங்கும் கேட்கும் நிலையங்கள் சிக்னல் அளவைப் பதிவு செய்யும். ஒரு முறை ஒரு ஆன்டெனா, அடுத்த முறை மற்றது என்று மாற்றி அனுப்பி, ஒரே நிலையம் இரண்டுக்கும் கொடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். இரவும் பகலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டினால், பக்கத்து நிலையங்களுக்கு ஒரு ஆன்டெனாவும் தொலைவுக்கு மற்றதும் முந்துவது தெரியவரும். அப்படியானால் இரண்டையும் இறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.